மண்டபம் தங்கிய காம்பரா

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து நாலாம் நம்பர் லயத்து வீட்டு வரிசையின் கடைசிக் காம்பராவுக்குள் யாராவது இருமினால், அந்த இருமல் எங்கோ உயரத்தில் மோதி, ஒரு மூச்சு தாமதித்துத்தான் தரைக்குத் திரும்பி வரும். காம்பரா என்னவோ பத்தடிக்குப் பன்னிரண்டுதான். கணக்கப்பிள்ளை நாடா பிடித்து அளந்து பார்த்துவிட்டு, அளவு சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிப் போய்விட்டார். அந்த மாதம் வெங்காயம் விலை ஏறியிருந்ததால் லயத்தில் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை.

மண்டபம் ஒரு சீடியில் வந்தது. துரை பங்களாவை ஹோட்டலாக மாற்றியபோது கழித்துப் போட்ட சாமான்களில் ஒரு சீடி பிளேயரும் இரண்டு சீடிகளும் தேவதாசனுக்குக் கிடைத்தன. பெக்டரியில் கொழுந்து அரைக்கிற மெஷின் பக்கம் வேலை பார்த்த அவனுக்குக் காதில் இரைச்சல் இல்லாத நேரமே அபூர்வம். இரண்டு சீடியிலும் ஒரே இசை. நூறு பேர் சேர்ந்து வாசிக்கிற வெள்ளைக்காரச் சங்கீதம். உறைகளில் படம் இருந்தது. முதலாவதில் மைக்கை வயலின்களுக்குப் பக்கத்திலேயே நட்டிருந்தார்கள். அதைப் போட்டால் வில் உரசுவதும் வாசிப்பவர்கள் மூச்சு வாங்குவதும் கேட்டன, வேறொன்றும் வரவில்லை. இரண்டாவதில் மைக்கைக் கூட்டத்தின் தலைக்கு மேலே, நடு மண்டபத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். அதில் வயலின்களோடு மண்டபமும் வந்தது: மரப்பலகைச் சுவர்கள், இரண்டடுக்கு மாடங்கள், இருமலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஜனங்கள். சீடி நின்றதும் வாத்தியக்காரர்களும் ஜனங்களும் போய்விட்டார்கள். மண்டபம் காம்பராவிலேயே தங்கிவிட்டது.

எல்லாரும் பழகிக்கொண்டார்கள். மாதா கோயில் பாடகர் குழு டிசம்பர் பிறந்ததும் நத்தார் பாட்டுகளை அங்கே வந்து ஒத்திகை பார்த்தது. “அண்ணே, அக்கா கடுகு தாளிச்சா இடி இடிக்கிற மாதிரி இருக்கு. நாங்க காயப்போட்ட உடுப்பெல்லாம் எடுத்து உள்ள போட்டுர்றோம்” என்று பக்கத்துக் காம்பரா சஜீவனி சிரித்தாள்.

தேவதாசனுக்கு இசையைவிட அது நிற்கிற இடம்தான் பிடிக்கும். கடைசி நாதம் வில்லை விட்டுப் பிரிந்த பிறகு, மண்டபம் அதைக் கையில் வாங்கிக்கொண்டு மெல்ல மெல்லக் கரைக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குப் போய் வந்த மத்தியானம், அந்த இடம் வந்துகொண்டிருந்தபோது அவன் மனைவி லூசியா அடுப்படி வாசலில் ஈரக்கையோடு வந்து நின்றாள். ஜோர்தானுக்கு வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் பதுளை ஏஜென்சிக்காரர் பொழுது சாய்வதற்குள் முடிவு கேட்டிருந்தார்.

“என்னங்க, நான் போகவா, வேணாமா?” மெதுவாகத்தான் கேட்டாள்.

அவன் கையை உயர்த்தி அமர்த்தினான். நாதம் முழுக்கக் கரைந்தது. அவள் அங்கேயே நின்றாள். பதில் சொல்வதற்குப் போதுமான அமைதி இருந்தது. வேண்டாம் என்றால் ஒழுகுகிற கூரைக்கும் மகள் நிலுக்ஷியின் படிப்புக்கும் அவன் பொறுப்பு. போ என்றால் அவள் போனதற்கு அவன் பொறுப்பு. தேவதாசன் சீடியை மறுபடி முதலிலிருந்து போட்டான். லூசியா கையைத் துடைத்துக்கொண்டு பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள்.

கூரைக்குப் புதுத் தகரம் வந்தது. நிலுக்ஷி பரீட்சை எழுதி, அப்புத்தளையில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். லூசியாவின் இரண்டு வருட ஒப்பந்தம் நாலு வருடமாகி, ஆறாகியது. பிறகு ஒரு மழை நாளில் தேவதாசன் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, தகரத்துக்கும் மேலே எங்கோ ஒரு மாடத்திலிருந்து அவள் குரல் இறங்கி வந்தது. “என்னங்க, நான் போகவா, வேணாமா?” கேட்டது மெல்லிய குரல், மண்டபமோ பெரியது; சுற்றி வர அவ்வளவு காலம் பிடித்திருந்தது.

எழுந்து நின்று, “போகாத புள்ள” என்றான். பிறகு போனில் கூப்பிட்டு அவளிடமும் அதையே சொன்னான்.

“எங்க போகாத? கழுவக் கெடக்குற சட்டி எல்லாம் என்னைய எங்க போக விடுது?” என்று லூசியா சிரித்தாள். அவன் நடந்ததைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. “அன்னைக்கு உங்க காதுல விழுந்துச்சுன்னு எனக்குத் தெரியுங்க. மறுபடி பாட்டுப் போட்டீங்களே, அப்பவே தெரியும்.”

மண்டபத்தோடு குடியிருந்த காதுக்கு அவள் நிற்கிற இடத்தின் அளவும் கேட்டது: சன்னல் இல்லாத, மடித்த துணிகள் அடைத்த, கையை நீட்டினால் சுவர் தட்டும் அறை. வார்த்தைகள் வாயை விட்டு வந்த இடத்திலேயே விழுந்து கிடந்தன.

“வந்துரு” என்றான்.

“வந்து?” என்றாள்.

தேவதாசன் இங்கே பெய்யும் மழையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான். இப்போது அவள் நத்தாருக்கு மட்டும், அதுவும் நிலுக்ஷியோடுதான் பேசுகிறாள்.

கேள்வி மட்டும் ஒவ்வொரு மழைக்காலமும் வருகிறது. தேவதாசன் பெக்டரியில் இருக்கிற நேரத்திலும் வந்துவிடும். அப்போது பக்கத்துக் காம்பராவில் ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருக்கும் சஜீவனி, “போகாதீங்க அக்கா” என்று சுவர்ப் பக்கமாகக் குரல் கொடுத்துவிட்டு, மாவுக்குத் தண்ணீர் போதுமா என்று பார்க்கிறாள்.