சைப்பிரஸ் மரத்தடிக் கல்

அந்தப் பொய் முதலில் யார் மனதில் தோன்றியது, எனக்கா செல்லசாமி அண்ணனுக்கா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அவருக்குத்தான் என்று பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

நுவரெலியாவில், தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைகள் கட்டிய பழைய பங்களாக்களை விற்றுக்கொடுக்கும் அன்டனிடம் நான் வேலை பார்த்தேன். வாங்க வருகிறவர்களுக்காக வீடுகளின் வரலாற்றை எழுதுவது என் வேலை. "கத இல்லாட்டி அது வெறும் ஒழுகுற வீடு, ஜெயந்தினி. கத இருந்தாத்தான் பங்களா" என்பார்.

டயகமப் பக்கம் ஒரு பங்களா விலைக்கு வந்தது. காவலுக்கு இருந்த செல்லசாமி அண்ணனும் மனைவி ஜீவராணி அக்காவும் பின்னால் இருந்த அறையில் இருபது வருடமாகக் குடியிருந்தார்கள். பூந்தோட்டத்து ஓரம், சைப்பிரஸ் மரத்தடியில் பெயர் எழுதாத ஒரு கல். அதன் கீழே அவர்களுடைய மகள் நிலக்ஷி. ஏழு வயதில் காய்ச்சலில் போனவள். அந்த வாரம் மண் சரிந்து மயானப் பாதை மூடிக்கிடந்ததால், அப்போது தோட்டத்தை நடத்திய துரை இங்கேயே அடக்கச் சொன்னாராம். வருடா வருடம் அந்தத் திதியில் அக்கா விளக்கேற்றி, பிள்ளைக்குப் பிடித்த ரொட்டியும் சீனிச் சம்பலும் படைப்பார்.

ஹோட்டல் நடத்தும் எண்ணத்தோடு கொழும்பிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். மரத்தை வெட்டி நிலத்தை மட்டமாக்கினால் ஆறு வாகனம் நிறுத்தலாம் என்று அந்த ஆள் சிங்களத்தில் சொன்னார். செல்லசாமி அண்ணன் தொப்பியைக் கசக்கிக்கொண்டு என் பக்கத்தில் நின்றார்.

"தொரமாரு கல்லறைன்னா தொட மாட்டாங்கல்ல, மிஸ்?" என்று அவர் முணுமுணுத்ததாக ஞாபகம். முணுமுணுக்காமலும் இருந்திருக்கலாம். அது பழைய வெள்ளைக்காரத் துரை ஒருவரின் மகள் கல்லறை என்று நான் வாய்விட்டுச் சொன்னது மட்டும் நிச்சயம்.

வாங்க வந்தவரின் மனைவி கல்லின் அருகே போய் நின்றார். பெயர் கேட்டார். எமிலி என்றேன்.

"இத ஏன் முன்னாடியே எழுதல?" என்று, கூட வந்திருந்த அன்டன் திரும்பும் வழியில் வண்டியில் கடிந்துகொண்டார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீடு விற்றது. மூன்று மாதத்தில் கல்லைச் சுற்றி இரும்பு வேலி, பூட்டு, ஆங்கிலத்தில் பெயர்ப்பலகை. செல்லசாமி அண்ணன் குடும்பம் தோட்டத் தொழிலாளர்களின் லயத்துக்குப் போனது. திதி நாளன்று விளக்கோடு போன அக்காவைப் புதிய காவல்காரன் வாசலிலேயே மறித்தான்.

"வெள்ளக்காரப் புள்ளைக்கு ஒன் ரொட்டி எதுக்கு?"

அன்று மாலை அந்த ரொட்டிப் பொட்டலத்தோடு அக்கா என் வீட்டுக்கு வந்தார்.

"அவங்ககிட்டப் போயி உண்மையச் சொல்லுங்க, மிஸ்."

"சொன்னா மரத்த வெட்டிருவாங்க அக்கா. கல்லயும் எடுத்துருவாங்க."

அடுப்பில் தண்ணீர் கொதித்து வற்றிக்கொண்டிருந்தது.

"அப்ப எம்புள்ள அங்க கெடக்கணும்னா, எம்புள்ளன்னு நான் சொல்லக் கூடாது. அப்படித்தானே?"

நான் அடுப்பை அணைக்க எழுந்தேன்.

"சொல்ல வேணாம், விடுங்க" என்று பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

செல்லசாமி அண்ணன் போன வருடம் இறந்தார். அவரைத் தோட்டத்து மயானத்தில் அடக்கினார்கள். ஜீவராணி அக்கா பூண்டுலோயாவில் தங்கை வீட்டில் இருக்கிறார். அன்டன் இன்னும் பங்களாக்கள் விற்கிறார். நான் நானுஓயாவில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். கல் அதே இடத்தில் இருக்கிறது. ஹோட்டலுக்கு வருகிறவர்கள் எமிலிக்குப் பூ வைக்கிறார்கள்.