வட்டத்துக்குள் பதினெட்டு மாதம்

ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். பல் தேய்த்தான். பால் காய்ச்சினான். ஆறு பென்சில் சீவித் தகர டப்பாவில் வைத்தான். மனைவி இருந்தவரை பன்னிரண்டு. சட்டைக்கு இஸ்திரி போட்டான். மாமியார் சாப்பாட்டு டப்பாவை மேஜைமேல் வைத்துவிட்டு நின்றார்.

"கடைசியா உங்கிட்ட என்னதான் தம்பி சொன்னா?"

மாதம் ஒருமுறையாவது வரும் கேள்வி.

"உங்களப் பாத்துக்கச் சொன்னா அத்தை."

பொய். ஒன்றரை வருடமாகச் சொல்லிச் சொல்லி வழவழப்பாகிவிட்ட பொய்.

அவனும் அவளும் நாடாளுமன்றச் சுருக்கெழுத்தாளர்கள். சபாநாயகர் மேடைக்குக் கீழே ஒரு சின்ன மேஜை. பத்து நிமிடத்துக்கு ஒருவர் உட்கார்ந்து, சபையில் பேசுவதைச் சொல் சிந்தாமல் எழுத வேண்டும். அடுத்தவர் வந்து குனிந்ததும், எழுந்து போகிறவர் இரண்டு விஷயம் காதோடு சொல்ல வேண்டும்: பேசுவது யார், தான் எழுதிய கடைசிச் சொற்கள் எவை. வந்தவர் அதைத் தன் நோட்டின் தலையில் எழுதி வட்டமிட்டு, அங்கிருந்து பிடித்துக்கொள்வார். வட்டம் அச்சுக்குப் போகாது. இழை அறாமல் இருக்க அவர்களுக்குள் ஒரு வழக்கம், அவ்வளவுதான். இடையில் வீடே பற்றி எரிந்தாலும் மேஜையை விட்டு எழக் கூடாது.

ஏழு வருடத்தில் அவள் எழுத்துக்கு ஒரு திருத்தம் வந்ததில்லை. அந்தம்மா உட்கார்ந்திருந்தால் நாக்கை அளந்து பேசு என்று பழைய உறுப்பினர்கள் புதியவர்களுக்குச் சொல்லிவைப்பார்கள்.

அன்றும் அப்படித்தான் எழுதினாள். அவனிடம் மேஜையை ஒப்படைத்துவிட்டுப் படியிறங்கி, தட்டச்சு அறையில் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்தாள். மூளையில் ரத்தக்குழாய் என்றார்கள். மேலே அவன் தன் பத்து நிமிடத்தை எழுதி முடித்தான்.

இன்று நாட்டு நடப்பு விவாதம். விலைவாசியில் தொடங்கி, வேலையின்மையில் கொஞ்சம் இடறி, வெள்ளத்தில் வீடு போனவர்களிடம் வந்து நின்றது. எதிர்வரிசையில் ஒரு பெண் உறுப்பினர் பழைய அச்சுப் பதிவை விரித்துப் படித்தார். பதினெட்டு மாதத்துக்குள் வீடு என்றீர்களே, கெடு நேற்றோடு முடிந்தது, நாலாயிரம் குடும்பம் இன்னும் கூடாரத்தில் கிடக்கிறது, சாவி எங்கே என்று கேட்டார்.

அமைச்சர் எழுந்தார். வீடு என்று சொன்னது தான்தான், கெடு சொன்னது எதிர்வரிசைக் கூச்சல் என்றார். ஒலிப்பதிவில் அன்றைய அமளிதான் இருக்கிறது, குரல் பிரியவில்லை. "எழுதியவர் இன்று இல்லை. அவரைக் குறை சொல்லவில்லை. மனிதர்தானே, தவறியிருப்பார்."

மேஜையில் இருந்தது அவன். எழுதினான். பென்சில் நிற்கவில்லை. மாற்றுக்கு ஆள் வந்து குனிந்ததும் வழக்கப்படி சொன்னான்: "அமைச்சர். 'மனிதர்தானே, தவறியிருப்பார்.'"

நோட்டைப் பார்க்கச் சபாநாயகர் உத்தரவிட்டார். தலைமைச் சுருக்கெழுத்தாளர் அறையில் இரும்பு அலமாரி திறந்தது. தினமும் மாலையில் முத்திரை குத்திப் பூட்டப்படும் நோட்டுகள். அவளுடையதை எடுத்த தலைவர் உதட்டைப் பிதுக்கினார். அவளாக வெட்டிக் குறுக்கிய கோடுகள். அவனைத் தவிர யாருக்கும் பிடிபடாது. அவள் போன மூன்றாம் நாள் அதைத் தட்டச்சு செய்ததும் அவன்தான்.

அமைச்சரின் செயலாளர் சிரித்தார். "வேலிக்கு ஓணான் சாட்சியா சார்?"

அவன் கோபப்படவில்லை. "அவ நோட்டு வேண்டாம். அதே தேதிக்கு என்னோடத எடுங்க."

அவன் எழுத்து பள்ளிக்கூடத்து எழுத்து. யாரும் படிக்கலாம். தலைவர் முதல் பக்கத்தைப் புரட்டினார். தலையில் நேரம், பதினொன்று நாற்பது. அதன் கீழே ஒரு வட்டம். அவர் விரல் வைத்து வாய்விட்டுப் படித்தார்: "அமைச்சர். 'பதினெட்டு மாதத்துக்குள் வீடு'."

யார் சொன்னது என்ற வழக்கு இப்படி வரும் என்று அந்த நிமிடத்தில் யாருக்குத் தெரியும்? செயலாளர் முத்திரையைப் பார்த்தார். தேதியைப் பார்த்தார். நோட்டை மூடி, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

பிற்பகல் சபை கூடியதும் அமைச்சர் தன் மறுப்பைத் திரும்பப் பெற்றார். வேலை எப்போது முடியும் என்பதை வெள்ளிக்கிழமை எழுத்தில் வைப்பதாகவும் சொன்னார். அந்த மேஜையைப் பற்றிச் சபையில் பேசுவது மரபில்லை. சபாநாயகர் அன்று மரபை மீறி ஒரே ஒரு வாக்கியம் பேசினார்:

"ஏழு ஆண்டுகளில் அந்தக் கைக்குத் திருத்தம் இல்லை, இன்றும் இல்லை."

இரண்டு பக்கமும் மேஜையைத் தட்டினார்கள். தட்டியவர்களில் அமைச்சரும் ஒருவர். மறுபடி அவன் முறை. 'மேஜை தட்டும் ஒலி' என்று அடைப்புக்குறிக்குள் எழுதினான். முதுகு தானாக நிமிர்ந்திருந்தது. ஒன்றரை வருடத்தில் முதல் தடவை.

சாயங்காலம் சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைத்தான். செய்தியில் கேட்டிருக்கிறார் போல, மாமியார் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். எம்பொண்ணு பேரச் சொல்லாமலே சொல்லிட்டாங்க தம்பி என்றார்.

"அத்தை, உங்களப் பாத்துக்கச் சொன்னான்னு நான் சொன்னது பொய்."

"தெரியும். அவ அப்படியெல்லாம் பேசுற ஆளா? நெசத்தச் சொல்லு."

சொன்னான். வட்டத்துக்குள் எழுதியதையும், எழுதாமல் விட்டதையும். அந்தக் கடைசி மூன்று சொல் வழக்கத்தில் கிடையாது. மேஜையை ஒப்படைக்கும் ஒவ்வொரு தடவையும், அவனைச் சீண்டுவதற்காக அவளே ஒட்டவைப்பது. அன்றும் அவன் குனிந்ததும், பென்சிலைக் கொண்டையில் செருகியபடி காதோரம் சொன்னாள்:

"அமைச்சர். 'பதினெட்டு மாதத்துக்குள் வீடு'. இனி உன் பாடு."