எரியா, ஏரியா?

"தீ புகுந்தா அடுப்பு எப்படி அண்ணி அணையும்?" என்று கேட்டாள் என் நாத்தனார்.

அவளுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. சுவடி நூலகத்தில் பதிப்பாசிரியர் வேலைக்கு அடுத்த வாரம் நேர்முகத் தேர்வு. பல வருஷமாகக் கண்வைத்திருந்த வேலை என்று சொன்னால் அவளே சிரிப்பாள். அடுத்தவர் வாசிக்கக் கேட்டு அல்ல, ஏட்டில் உள்ளதைத் தானே படித்துப் பொருள் சொல்ல வேண்டும் என்பது நூலகத் தலைவரின் நிபந்தனை. தொட்டால் பொடியாகிற ஓலையை யார் அவள் கையில் கொடுப்பார்கள்? அதனால் தேர்வுக்கென்று அவர்கள் அனுப்பிய ஏட்டின் படங்களைப் பார்த்து நான் பிரெய்லியில் தட்டிக் கொடுத்திருந்தேன். "ஊருக்குள் எரி புகுந்தது. அடுப்பெல்லாம் அணைந்தன." அவள் விரல் அங்கேயே நின்றுவிட்டது.

"அப்போ அது ஏரியா இருக்கும், ஏரித் தண்ணி. பழைய ஏட்டுல எ, ஏ ரெண்டுக்கும் ஒரே எழுத்துதானே. நான் தீன்னு நினைச்சு எரின்னு போட்டுட்டேன்."

"இப்படி எத்தனை இடத்துல நீங்களே முடிவு பண்ணீங்க?"

"எல்லா இடத்துலயும்தான்."

"அப்போ ஏட்டைப் படிச்சது நீங்க. நான் உங்களைத்தான் படிச்சிருக்கேன்."

எனக்குச் சுருக்கென்றது. முதுகொடியத் தட்டியதற்கு இதுதான் மரியாதையா? ஆனால் அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல். குறிலுக்கும் நெடிலுக்கும் பொதுவாக ஒரே குறி என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டோம். முதலிலிருந்து தட்டினேன்.

"இதைப் படிச்சா நீ திக்குவே. வேலை கையைவிட்டுப் போயிடும்."

"திக்குறதையும் நானே திக்கிக்கிறேன், அண்ணி."

தேர்வன்று தலைவர் ஓலையை முன்னால் வைத்துக்கொண்டு சரிபார்த்தார். அவள் ஒரு சொல்லில் நிற்பாள், வரி முடியும்வரை விரலை ஓட்டுவாள், திரும்பி வந்து படிப்பாள். கதவோரம் உட்கார்ந்து அவள் நின்ற இடங்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"ரொம்பத் தடுமாறுறீங்களே," என்றார் அவர்.

"இந்த ஏட்டுல தடுமாறித்தான் சார் ஆகணும். அடுத்த வரியை நீங்க வாசிங்க."

அவர் ஓலையை விளக்கருகே நகர்த்தினார். "வெள்ளம் வடிந்தபின் ஊருக்கு..." தொண்டையைச் செருமினார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார். "கொடை வந்ததா, கோடை வந்ததா?"

"அதைச் சொல்லத்தான் சார் இந்த வேலையைக் கேக்குறேன்."