நாற்பது நிமிடச் சுரம்

முப்பது குரல்களுக்காக அவள் அமைத்த இசையில் பாட்டும் கிடையாது, தாளமும் கிடையாது. ஒரே ஒரு சுரம்தான். மூச்சு முட்டினால் யாரும் நிறுத்திக்கொள்ளலாம், ஆனால் பக்கத்தில் நிற்பவர் பாடுவது காதில் கேட்ட பிறகே நிறுத்த வேண்டும். நாற்பது நிமிடம் அது அறுபடாமல் ஓட வேண்டும். இடையில் ஒரு நொடி மௌனம் விழுந்தாலும் கச்சேரி முடிந்தது, விளக்கை அணைத்து எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டியதுதான். அதற்கு 'ஜனநாயகம்' என்று பெயர் வைத்தாள். கொஞ்சம் அசந்தால் கைவிட்டுப் போகிற ஒன்றை இதைவிட நேராகச் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு வருடம் இதற்காகத் தலைகீழாக நின்றிருக்கிறாள்.

"ஒரு சுரத்துக்கு ரெண்டு வருஷமா?" என்று கேட்டவர் அவள் அண்ணன். லேத் பட்டறைக்காரர். தேர்தல் வந்துவிட்டால் இருவரும் எலியும் பூனையும்தான், அவள் ஓட்டுப் போடும் கட்சிக்கு அவர் ஒருநாளும் போட்டதில்லை. இரும்பைக் கடைந்து கடைந்து காது பாதிக்குமேல் போய்விட்டது. அதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

கச்சேரியன்று காலையில் ஒரு பாடகிக்குக் காய்ச்சல். வேறு ஆள் கிடைக்கவில்லை. அண்ணிதான், "உங்க அண்ணனக் கூட்டிட்டுப் போயேன், வீட்ல உக்காந்து என் உயிர வாங்குறாரு" என்றாள். வேறு வழியில்லாமல் அவருக்கு விதியைச் சொல்லிக்கொடுத்து, கடைசி வரிசை ஓரத்தில் நிற்கவைத்தாள். அந்தக் குரல் அங்கிருந்து யாருக்கும் கேட்காது என்ற நல்லெண்ணம்தான்.

ஒத்திகைகளில் அவள் முன்னால் நின்று கைகாட்டுவாள். இன்று அதுவும் கூடாதென்று தானே முடிவு செய்து, பார்வையாளர்களோடு உட்கார்ந்துகொண்டாள்.

முதல் அரைமணி நேரம் பிரமாதமாகப் போயிற்று. அதுதான் வினையானது. இத்தனை பேர் பாடுகிறோமே என்று எல்லோருக்கும் அலட்சியம் வந்துவிட்டது. பக்கத்து ஆள் பாடுவதைக் கேட்டு ஒருவர் நிறுத்த, இவர் பாடுவதைக் கேட்டு அதே நொடியில் பக்கத்து ஆளும் நிறுத்தினார். வரிசை வரிசையாகக் குரல்கள் உதிர்ந்தன. விளக்குக்காரர் சுவிட்சில் கை வைத்துவிட்டார்.

மௌனம் விழவில்லை. பின்னாலிருந்து கரகரவென்று ஒரே ஒரு குரல் வந்துகொண்டிருந்தது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்கப் பாடிக்கொண்டிருந்தார். அவர் மூச்சு தீருவதற்குள் முன்வரிசைப் பெண் ஒருத்தி சுரத்தைப் பிடித்துக்கொண்டாள். பிறகு இன்னொருவர், பிறகு எல்லோரும். அவர் சுருதி கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது. தேர்ந்த பாடகர்கள் இருபத்தொன்பது பேரும் அவருக்காக இறங்கி வந்தார்கள். நாற்பதாவது நிமிடத்தில் அவள் அழுதுகொண்டிருந்தாள்.

மேடைக்குப் பின்னால் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவரைப் பிடித்துக்கொண்டாள். அவர் காதருகே குனிந்து, "எல்லாரும் விட்டப்புறம் எப்படிண்ணா நீ மட்டும் தைரியமா பாடின?" என்றாள்.

அவர் விழித்தார். "எல்லாரும் விட்டாங்களா? பக்கத்துல கேட்டாத்தான் நிறுத்தணும்னு நீதானே சொன்ன. எனக்கு ஆரம்பத்துலேர்ந்தே யாரும் பாடுறது கேக்கல. அப்ப நான்தானே பாடணும்?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. எண்ணெய்க் கறை போகாத அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "ரொம்ப நன்றிண்ணா" என்றாள்.

"என்ன?" என்றார் அவர்.

அரங்கத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி, அவள் அதை உரக்க மறுபடியும் சொன்னாள்.