நூறு ஓவர்

மணவாளனைக் கேட்டால் கிரிக்கெட்டில் நான்கு வகை உண்டு என்பார். டெஸ்ட் என்றால் ஐந்து நாள். ஒன் டே என்றால் காலையில் உட்கார்ந்தால் பொழுது சாய்கிற வரைக்கும். டி20 என்றால் மூன்றரை மணி நேரம். லேடீஸ் என்றால் ஒரு மணி நேரம். இந்தக் கடைசி வகையை எந்தச் சட்டப் புத்தகத்தில் படித்தார் என்று யாரும் அவரைக் கேட்டதில்லை. திருமுல்லைவாயிலில் ரயில் பாதையை ஒட்டிய மைதானத்தில், பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை கோப்பைப் போட்டி நடத்துகிறவர் அவர். நோட்டீஸ் அடிக்கிறவர் அவர். பிட்ச் உருட்டுகிற ரோலருக்குச் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிறவரும் அவர்தான். அப்படிப்பட்டவரிடம் யார் போய் வாதாடுவது?

வசந்தகுமாரி போய் வாதாடினாள். ஒரு வருஷமல்ல, நாலு வருஷம்.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு கம்பெனியில் செக்கிங் பிரிவு. எட்டு மணி நேரமும் நின்றபடி வேலை. அவள் கையைத் தாண்டி, கசிகிற வால்வு ஒன்றுகூட வெளியே போனதில்லை என்பது கம்பெனி முழுக்கத் தெரியும். கிரிக்கெட்டிலும் அதே சுபாவம்தான். வருகிற பந்தை முதலில் நன்றாகப் பார்ப்பாள், பழகுவாள், அப்புறம்தான் அடிப்பாள். எட்டு ஓவர் மேட்சில் இந்தச் சுபாவத்துக்கு என்ன மரியாதை கிடைக்கும்? ‘கட்டை போடுறவ’ என்று பெயர்தான் கிடைத்தது. எஸ்டேட் பெண்கள் அணிக்குக் கேப்டனே அவள்தான். ஆனாலும் மனசாட்சிக்குப் பயந்து தன் பெயரைப் பட்டியலின் கடைசியில் எழுதிக்கொள்வாள். பதினோரு வருஷமாக ஆடுகிறாள். சேர்ந்தாற்போல இருபது பந்து ஆடியதில்லை. அவளுக்கு ஆடத் தெரியாமல் இல்லை. ஆட நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

அணிக்கு ஐம்பது ஓவர், ஒரே ஒரு தடவை கொடுத்துப் பாருங்கள் என்று ஒவ்வொரு வருஷமும் கேட்டாள். வெயில் தாங்காது, பிள்ளைக்குட்டி இருக்கும், கூட்டம் வராது என்று மணவாளன் ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம் வைத்திருந்தார். இந்த வருஷம் என்ன நினைத்தாரோ, டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் சரியென்றார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்.

“நூறு ஓவரும் முழுசா நடந்துச்சுன்னா வருசா வருசம் உங்களுக்கு ஃபுல் டே. நடுவுல படுத்துக்கினீங்கன்னா மறுபடியும் எட்டு ஓவர்தான். அப்பால என்னாண்ட வந்து பேசக் கூடாது.”

அவர் பேசி முடிக்குமுன்பே வசந்தகுமாரி தலையாட்டிவிட்டாள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு மைதானத்துக்கு வந்தவள், வாசலில் தொங்கிய போர்டைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். காலை 7.30, மகளிர் ஒரு நாள் போட்டி. பகல் 1.00, ஆண்கள் இறுதிப் போட்டி. ஒரு ஓவருக்கு நாலு நிமிஷம் என்று வைத்தாலும், இடைவேளையும் சேர்த்து நூறு ஓவருக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மூன்று மணி வாக்கில்தான் முடியும். டிவியில் ஒரு மேட்ச் விடாமல் பார்க்கிற மனுஷனுக்கு இந்தக் கணக்குத் தெரியாதா? தெரியும். நன்றாகத் தெரிந்துதான், இந்தப் பெண்கள் எப்படியும் ஒரு மணிக்குள் சுருண்டுவிடுவார்கள் என்று அடுத்த மேட்சுக்கு ஆள் பேசிவிட்டார். வசந்தகுமாரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

எதிரணி கரையான்சாவடி. அவர்கள் கேப்டன் சபீனா, மெயின் ரோட்டில் செல்போன் கடையில் வேலை பார்ப்பவள், வாய்த்துடுக்குக்காரி. அவளும் வந்து போர்டைப் படித்தாள். ஒரு நாள் என்று பெயர் வைத்து அரை நாள் கொடுத்திருக்கிறாரே என்று சொல்லிவிட்டு டாஸ் போடப் போனாள். டாஸில் ஜெயித்து, முதலில் பேட்டிங் எடுத்தாள்.

இருபது ஓவருக்குள் கரையான்சாவடிக்கு ஐந்து விக்கெட் போய்விட்டது. மணவாளன் நாற்காலியில் சாய்ந்து கால்மேல் கால் போட்டார். விக்கெட் விழ விழ வசந்தகுமாரி, எல்லாரும் அவுட் ஆகிவிட்டால் ஐம்பது ஓவர் எப்படி முடியும் என்று கணக்குப் போட்டாள். தன் அணி நன்றாகப் பந்து போடுவதைப் பார்த்து எந்தக் கேப்டனாவது கவலைப்படுவாளா? அன்றைக்கு அவள் பட்டாள். அதற்காக ஒரு பந்தைக்கூட மெதுவாகப் போடச் சொல்லவில்லை, ஒரு கேட்சைக்கூட விடச் சொல்லவில்லை. அப்படி ஓட்டுகிற நூறு ஓவர் அவளுக்கு வேண்டாம். நல்ல வேளையாக சபீனா ஒரு பக்கம் நங்கூரம் போட்டு நின்றுகொண்டாள். ஐம்பது ஓவரும் முடிந்தபோது ஒன்பது விக்கெட்டுக்கு நூற்று நாற்பத்திரண்டு. மணி பத்து ஐம்பது. மணவாளனின் கால் கீழே இறங்கிவிட்டது.

பதினொன்றரைக்கு வசந்தகுமாரி முதல் ஆளாக இறங்கினாள். பதினோரு வருஷத்தில் முதல் முறையாக, தேய்ந்து போகாத பந்து அவளை நோக்கி வந்தது. தடுத்தாள். அடுத்ததையும் தடுத்தாள். அவசரமே இல்லை என்ற நினைப்பு வெல்லக்கட்டி மாதிரி நாக்கில் இனித்தது. ஆனால் எதிர்முனையில் வந்தவர்களுக்கு எட்டு ஓவர் மேட்சின் பழக்கம் விடவில்லை. வந்ததும் சுற்றினார்கள், போனார்கள். ஒருத்தி இல்லாத ரன்னுக்கு ஓடிவந்து பாதி வழியில் நின்று அவுட் ஆனாள். ஒரு மணிக்கு, இருபத்திரண்டு ஓவரில், ஆறு விக்கெட்டுக்கு நாற்பத்தொன்று.

அதற்குள் ஆண்கள் அணி இரண்டும் வந்து எல்லைக்கோட்டை ஒட்டி உட்கார்ந்துவிட்டன. பைக் சத்தம், விசில், கிண்டல். அதில் ஒரு அணியின் கேப்டன் கிஷோர், ஒன்றைத் தூக்கி அடித்துவிட்டு வீட்டைப் பார்க்கப் போகும்படி வசந்தகுமாரிக்கு யோசனை சொன்னான். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் காதில் வாங்காத மாதிரி க்ளவுசை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

தண்ணீர் குடிக்க ஆட்டம் நின்ற நேரம் பார்த்து மணவாளன் உள்ளே வந்தார். யார் ஜெயிக்கப் போவது என்று ஊருக்கே தெரிகிறது, எதற்கு வீணாக வெயிலில் நிற்க வேண்டும் என்றார். கரையான்சாவடி ஜெயித்ததாக எழுதிக்கொள்ளலாம், சபீனா கோப்பையை இப்போதே வாங்கிக்கொண்டு கிளம்பலாம் என்றார். ஐந்து மணிக்குப் பரிசு கொடுக்க முக்கியமான ஆள் வருகிறாராம்.

தோற்கப் போகிற அணியின் கேப்டன் மறுத்துப் பேசி என்ன ஆகும்? எல்லாம் சபீனாவின் ஒரு தலையாட்டலில் இருந்தது. வெற்றி கையில் இருக்கிறது, கோப்பை அதோ மேசைமேல் இருக்கிறது. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு என்ன தலையெழுத்து?

சபீனா பந்தைச் சட்டையில் தேய்த்தாள்.

“நாங்க அம்பது ஆடிட்டோம். அவங்களும் அம்பது ஆடட்டும். இன்னிக்குப் பாதியில முடிச்சா அடுத்த வருசம் எங்களுக்கும் பாதிதான்ண்ணே. நீங்க போயி நெழல்ல ஒக்காருங்க.”

மணவாளன் திரும்பி நடந்தார். வசந்தகுமாரி நன்றி சொல்ல வாயெடுத்தபோது சபீனா கையைக் காட்டித் தடுத்துவிட்டாள்.

“விட்டுக் குடுக்குறேன்னு நெனச்சுக்காதக்கா. உன் விக்கெட்டைத் தூக்காம நான் ஊட்டுக்குப் போமாட்டேன்.”

வாய்ச்சொல்லோடு நிறுத்தவில்லை. பேட்டைச் சுற்றி ஐந்து பேரை நிறுத்தினாள். பந்துவீச்சை மாற்றி மாற்றிப் பார்த்தாள். ஏழாவது விக்கெட் போனது, எட்டாவதும் போனது. நாற்பத்தொன்றாவது ஓவர் முடிகிற நேரம் ஒன்பதாவதும் போய், பேக்கிங் பிரிவு சிம்ரன் உள்ளே வந்தாள். பதினோராவது ஆள் கிடைக்காமல் வேனில் ஏற்றிக்கொண்டு வரப்பட்டவள் அவள். பந்தை நன்றாக எறிவாள். பேட்டை எந்தப் பக்கமாகப் பிடிப்பது என்பதில் மட்டும் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

ரன்னே வேண்டாம், பந்து வந்தால் பேட்டைத் தரையில் ஊன்று, அது போதும் என்றாள் வசந்தகுமாரி.

“எத்தினி பால்க்கா கீது?”

“அம்பத்து நாலு.”

“நாலை நான் பாத்துக்குறேன். மீதிய நீ பாத்துக்க.”

கிட்டத்தட்ட அப்படித்தான் நடந்தது. வசந்தகுமாரி ஓவரின் கடைசிப் பந்தில் ஒரு ரன் எடுத்து மறுமுனைக்கு ஓடினாள், அடுத்த ஓவரையும் தானே வாங்கிக்கொண்டாள். முட்டி வலித்தது. நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டியது. இந்த மைதானத்துக்குப் பின்னால் இப்போது ஃப்ளாட் நிற்கிற இடத்தில் அவள் அம்மா காலையிலிருந்து மாலை வரை குனிந்து நாற்று நட்டிருக்கிறாள். வெயில் தாங்குவாயா என்று ஒருத்தனும் வந்து கேட்டதில்லை. அந்தக் கோபம் ஒரு நாலு ஓவருக்குப் போதுமானதாக இருந்தது.

நாற்பத்தேழாவது ஓவரில் வசந்தகுமாரி ஒரு விஷயத்தைக் கவனித்தாள். விசில் நின்றிருந்தது. கிஷோர் எல்லைக்கோட்டில் எழுந்து நின்று, காலை முன்னால் வைக்கச் சொல்லி சிம்ரனுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தான். மணவாளன் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஸ்கோர் எழுதுகிற மேசைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, ஒவ்வொரு பந்துக்கும் ஒரு விரலை மடக்கிக்கொண்டிருந்தார்.

நூறாவது ஓவரைப் போட சபீனாவே வந்தாள். முதல் இரண்டு பந்தை வசந்தகுமாரி தடுத்தாள். மூன்றாவதைத் தட்டிவிட்டு இரண்டு ரன் ஓடலாம் என்று கிளம்பினாள், ஒன்றுதான் கிடைத்தது. மீதி மூன்று பந்துக்கு சிம்ரன். வசந்தகுமாரி மறுமுனையில் நின்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

நான்காவது பந்து பேட்டின் ஓரத்தில் பட்டு, பிடிக்கப் பாய்ந்தவளின் விரலுக்கு ஒரு சாண் முன்னால் விழுந்தது. ஐந்தாவது எல்லாவற்றையும் ஏமாற்றி ஸ்டம்புக்கு மேலே போனது. ஆறாவது பந்து நன்றாகத் திரும்பி உள்ளே வந்து, சிம்ரனின் காலுக்கும் பேட்டுக்கும் நடுவில் புகுந்து, நடு ஸ்டம்பைப் பிடுங்கிப் போட்டது.

சிம்ரன் கண்ணைத் திறந்து பார்த்தாள். சாய்ந்து கிடந்த ஸ்டம்பைப் பார்த்ததும் அவள் உதடு பிதுங்கியது. எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேனே அக்கா என்று அழத் தொடங்கினாள். வசந்தகுமாரி பேட்டை வீசிவிட்டு ஓடிவந்து அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

“லூசு, ஒண்ணும் கெடல. அறுநூறு பாலும் முடிஞ்சிடுச்சுடி.”

வைடு, நோபாலைத் தள்ளிவிட்டால் சரியாக அறுநூறு. நூறு ஓவரில் ஒரு பந்துகூடக் குறையவில்லை. விக்கெட் எடுத்த சபீனா, தான் அவுட் ஆக்கிய சிம்ரனையே இடுப்பைப் பிடித்துத் தூக்கிச் சுற்றினாள். கரையான்சாவடிக்காரர்கள் ஓடிவந்தார்கள், எஸ்டேட் பெண்களும் ஓடிவந்தார்கள். யார் எந்தச் சட்டை என்று தெரியாமல் இருபத்திரண்டு பேரும் பிட்ச்சுக்கு நடுவில் குதித்தார்கள். தண்ணீர் கேன் இறக்க வந்த ஆள் யார் ஜெயித்தது என்று விசாரித்தார். கிஷோர் தலையைச் சொறிந்தான். ஸ்கோர் போர்டைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. முப்பத்தெட்டு ரன்னில் எஸ்டேட் அணி தோற்றிருந்தது.

ஸ்கோர் நோட்டில் வசந்தகுமாரியின் பெயர் முதல் வரியில் இருந்தது. நூற்று அறுபத்தொரு பந்து, நாற்பத்து மூன்று ரன், அவுட் இல்லை. நோட்டை வாங்கி ஒரு தடவை படித்தாள், இன்னொரு தடவை படித்தாள், கண் மறைத்ததால் மூன்றாவது தடவை படிக்க முடியவில்லை. சந்தோஷத்தில் அழுவது இப்படித்தான் இருக்குமா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

மணி மூன்றடிக்க ஐந்து நிமிஷம். ஐந்து மணிக்குள் முடித்தாக வேண்டும் என்பதால் ஆண்கள் இறுதிப் போட்டியைப் பத்து ஓவராகக் குறைத்தார் மணவாளன். இரண்டு அணியும் முணுமுணுத்தபடி இறங்கின. அந்த வேலை முடிந்ததும் பெண்கள் அணிக் கேப்டன்கள் இருவரும் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்தார். சொன்ன வார்த்தைக்குக் கட்டுப்பட்ட மனுஷன்தான், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். அடுத்த வருஷம் போர்டில் எத்தனை மணி என்று போடட்டும், ஏழரைக்கே ஆரம்பிக்கலாமா என்று பணிவாகவே கேட்டார்.

வசந்தகுமாரி சபீனாவைப் பார்த்தாள். சபீனா சிரித்தாள்.

“ஏழரைக்கே வச்சுக்கலாம்ண்ணே,” என்றாள் வசந்தகுமாரி. “ஆனா சனி, ஞாயிறு ரெண்டு நாளைக்கும் கிரவுண்ட் எங்களுக்கு வேணும்.”

மணவாளன் மெல்ல நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.