பார்லோவின் சின்ன அலகு

1

"கத்தியைப் பாக்காமலே அது பேரை எப்படிச் சொல்றீங்க?"

எங்கள் கென்டக்கித் தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் எல்சி கேட்டாள். ஆறு வயது. நான் அப்போது காப்பி ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்வியில் பிறந்தது இந்தக் கதை.

2

அக்டோபர் வெயில் ஜன்னல் வழியே நீளமாக விழுந்து

வேண்டாம். அடித்தளத்தில் ஜன்னலே இல்லை.

மறுபடி: மாதத்தின் முதல் சனிக்கிழமை மடக்குக்கத்திப் பிரியர்கள் அங்கே கூடுவார்கள். ஒருவர் அடையாளம் சொல்ல, மற்றவர்கள் வகையைச் சொல்ல வேண்டும். மடக்கி விரிக்கும் வெட்டுத் தகட்டை அலகு என்போம். மூன்று அலகு, லேசாக வளைந்த பிடி என்றால் ஸ்டாக்மேன். இரண்டு நீள அலகு, இரண்டும் ஒரே முனையில் மடங்கும் என்றால் டிராப்பர். கண்டெடுத்த கத்திக்கும் இதே முறைதான். அதைக் கைக்குட்டையால் மூடிவைப்பார்கள்; எல்லா அடையாளமும் சரியாகச் சொன்னவருக்குத்தான் திறந்து காட்டுவார்கள். யாரும் சொல்லாவிட்டால், பதிலுக்கு நல்ல கத்தி தருபவருக்குப் போகும்.

3

லுவெல்லா தன் மறைந்த கணவர் ஹார்லனின் பழைய கோட்டை, ஏழைகளுக்காகத் தேவாலயத்தில் சேர்க்கும் துணிக்குவியலில் கொடுத்திருந்தாள், கோட்டுப் பையைப் பார்க்காமல். குவியலுக்கு அடியில் கத்தி ஒன்று கிடைத்ததாம். அதற்காகத்தான் வந்திருந்தாள்.

"பிடி ஒரு பக்கம் பருத்திருக்கும், கண்ணீர்த் துளி மாதிரி. அதோட நெத்தியில நீளமா இரும்புப் பட்டை."

"பார்லோ," என்றன நாலைந்து குரல்கள்.

கண்டெடுத்த கத்திகளுக்குப் பொறுப்பான ராஸ்கோ கைக்குட்டைக்குள் எட்டிப் பார்த்தார். "அலகு எத்தனை, மிஸ் லுவெல்லா?"

"ஒண்ணுதான். இருபத்தெட்டு வருஷம் எனக்கு ஆப்பிள் சீவிக் குடுத்த கத்தி."

"இதுல சின்னதா இன்னொண்ணு இருக்கே. இருபத்தெட்டு வருஷத்துல அலகை எண்ணாதவங்க யாராவது இருப்பாங்களா? இது வேற யாரோடதோ."

கூடம் சிரித்தது. லுவெல்லாவும் சிரிக்கப் பார்த்தாள். பிறகு கைப்பையின் வாரைத் திருகியபடி உட்கார்ந்துவிட்டாள்.

4

(இதுவரை வெண்டெலை உங்களுக்குக் காட்டாதது என் தவறு. கடைசி வரிசை, குதிரைகளுக்கு லாடம் அடிப்பவர்.)

"சின்னதா இன்னொண்ணு" என்றதுமே அவருக்கு உள்ளங்கை குறுகுறுத்தது. சில வருடங்களுக்கு முன் அங்கே லாட ஆணித் துணுக்கு ஏறியிருந்தது. ஹார்லன்தான் தன் பார்லோவின் சின்ன அலகால் எடுத்துவிட்டார். "இந்த அலகு ஆப்பிள் பக்கமே போகாது. இது மனுஷங்களுக்கு மட்டும்," என்றார். நன்றி சொல்வதற்குள் போய்விட்டார்.

வெண்டெல் எழுந்து நின்று, "அது ஹார்லனோடதுதான், நான்

இந்த வாக்கியத்தை நான் விட்டுவிட்டேன். சொல்லியிருந்தால் லுவெல்லாவுக்குக் கத்தி கிடைத்திருக்கும். புருஷனின் கத்தியில் அலகை எண்ணாதவள் என்ற பேரும் கூடவே வந்திருக்கும். வெண்டெலும் அதை விட்டுவிட்டார். தன் ஸ்டாக்மேனை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இதுக்கு அது."

"பைத்தியமாய்யா உனக்கு? இதைத் தொடக்கூட விடமாட்டியே," என்றார் ராஸ்கோ.

"மூணு அலகு தீட்டி மாளல."

5

முடிவுகள். ஒன்று: எல்லோரும் உண்மை அறிந்து கை தட்டுகிறார்கள். அடித்துவிட்டேன், ஆண்டவர் கைதட்டலை எண்ணுவதாக எனக்குத் தோன்றவில்லை. இரண்டு: வெண்டெலே கத்தியை வைத்துக்கொள்கிறார். அவரை இவ்வளவு நேரம் பார்த்த பிறகு அதை எழுதக் கை வரவில்லை.

மூன்று: கத்தியைச் சும்மா கொடுத்தால் நட்பு அறுந்துபோகும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. கூடவே ஒரு பென்னிக் காசை ஒட்டித் தருவோம்; வாங்கியவர் அதைத் திருப்பித் தந்துவிட்டால் அது விலைக்கு வாங்கிய கத்தி. வெண்டெல், குதிரைக் காலில் சுற்றும் பச்சைக் கட்டுத்துணியில் ஒரு துண்டு கிழித்து, பார்லோவோடு ஒரு பென்னியைச் சேர்த்துச் சுற்றினார். லுவெல்லாவின் வண்டிக் கதவருகே போய்ச் சுற்றுமுற்றும் பார்த்தார்.

நாமும் திரும்பிக்கொள்வோம்.

6

திரும்பிக்கொண்டதால் மிச்சம் எனக்குத் தெரியாது. அன்று ராத்திரி அவள் அலகை எண்ணினாளா, சிரித்தாளா, அழுதாளா? அதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், எல்சி:

திங்கட்கிழமை காலை வெண்டெல் தன் லாடப் பெட்டியைத் திறந்தபோது, ஆணிகளுக்கு நடுவே ஒரு பென்னி இருந்தது. பச்சைத் துணியில் சுற்றி.