பக்கத்து வீட்டு அனல்

கொழுந்தன் அன்புராஜைக் கண்டாலே கன்னியம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவன் வீட்டு ஏசியின் வெளிப்பெட்டி, இவள் ஜன்னலுக்கு நேராகத்தான் சூட்டை ஊதும்.

அத்திப்பட்டில் மாமனார் விட்டுப்போன ஒரே மனை. மூன்று பிள்ளைகளும் பங்கு போட்டு மூன்று வீடு கட்டிக்கொண்டார்கள். நடுவீடு கன்னியம்மாவுடையது. இடையில் ஓர் ஆள் ஒருக்களித்து நுழையலாம், அவ்வளவுதான் சந்து. போன கோடையில் நியாயம் கேட்கப் போனவளிடம் அன்புராஜ் சாவகாசமாகச் சொன்னான்:

"வேற எங்க மாட்றது அண்ணி, நடுரோட்லயா?"

அந்தத் திமிர்ப் பேச்சைத் தெரு முழுக்கச் சொல்லித் திட்டித் தீர்த்தாள்.

இந்தக் கோடையில் மகள் சுகிர்தா பிரசவமாகி வந்திருந்தாள். பச்சைக் குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. வாசலைத் திறந்தால் அனல்மின் நிலையத்துச் சாம்பல் தொட்டிலில் படிந்தது. ஜன்னலைத் திறந்தால் அன்புராஜ் வீட்டுச் சூடு. இரண்டையும் சாத்தினால் வீடு வெந்தது. அழுது அழுது பிள்ளைக்குத் தொண்டை கட்டிப்போயிற்று.

"நாமளும் ஒண்ணு மாட்டிடலாம்யா" என்றாள் புருஷன் லோகுவிடம்.

அந்த மின் நிலையத்தில்தான் அவன் கரி கொட்டுகிறான். "மாட்டு. ஊரே மாட்டிக்கினு கீது. கரி கொட்டக் கொட்டப் பத்தல, வெயில் போறவரைக்கும் லீவே கெடையாதுன்ட்டான்."

"அப்ப புள்ளைக்கு இன்னா வழி, நீயே சொல்லு."



ஏசி வந்தது. பெட்டியை எங்கே மாட்டுவது? மேலே ஷீட்டுக் கூரை, முன்னால் வாசற்படியை ஒட்டியே ரோடு, பின்னால் ஒட்டினாற்போல் அடுத்தவன் சுவர், ஒரு பக்கம் அன்புராஜின் பெட்டி. மிச்சம் இருந்தது மறுபக்கத்துச் சுவர் ஒன்றுதான். அதற்கு எதிரே மூத்த ஓரகத்தி மணியம்மாளின் ஜன்னல். புருஷனை இழந்து தனியாக இருப்பவள். சுகிர்தாவின் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கண் விழித்தவள். மெக்கானிக்குக்குச் சுவரைக் காட்டும்போது கன்னியம்மா எதிர்ப்பக்கம் பார்க்கவே இல்லை.

மதியமே பிள்ளை அசந்து தூங்கியது. ஈரத்துணி உலர்த்த அவள் சந்துக்குப் போனபோது மணியம்மாள் ஜன்னலில் நின்றிருந்தாள், முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி.

"இன்னாடி கன்னி, இப்டி அனலா அடிக்குது?"

"வேற எங்கக்கா மாட்றது, நடுரோட்லயா?"

சொன்ன பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று உறைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மணியம்மாள் நாலு வார்த்தை ஏசியிருந்தாலாவது தேவலை.

"புள்ள தூங்குதா?" என்றுதான் கேட்டாள்.

"தூங்குதுக்கா."

"தூங்கட்டும்."

ஜன்னலை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அவள் வீட்டில் இருப்பது அந்த ஒரு ஜன்னல்தான்.